பின்னிருக்கையிலிருந்து

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மருமகளுக்கு அன்று பேருந்து தப்பிவிட்டது. பேத்தியைப் பள்ளியில் விட மாமனார் காரை எடுத்துக்கொண்டிருந்தார். அவளும் பின்னிருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மாமியார் வழக்கம்போல முன்னால். பத்து நிமிடப் பயணத்துக்கு அவர் எதற்குத் தினமும் கூடப் போகிறார் என்று இவள் யோசித்ததே இல்லை.

தெருமுனை தாண்டியதும் மாமியார் ஆரம்பித்தார். "வேன் வருது. சைக்கிள் ஒண்ணு. போகட்டும். ம், இப்பப் போங்க." காய்கறிக்காரரிடம் பட்டியல் சொல்வதுபோன்ற குரல். அந்தச் சொல்லுக்கேற்ப மாமனாரின் கை ஸ்டியரிங்கைத் திருப்பியது. இது இன்று நேற்றுப் பழக்கமில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

நாற்சந்தியில் குழந்தையின் தண்ணீர் பாட்டில் முன்பக்கம் உருண்டது. மாமியார் எடுக்கக் குனிந்தார். கார் நகர்ந்தது. வலப்பக்கமிருந்து குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் பாதிச் சாலைக்கு வந்திருந்தாள். மருமகள் கத்திய கத்தலில் பிரேக் விழுந்தது. இடையில் ஒரு முழம்கூட இருக்காது. அந்தப் பெண் காரின் முன்பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சாயங்காலம் துணி மடிக்கும்போது, எத்தனை நாளாகத் தெரியும் என்று மாமியாரிடம் கேட்டாள். போன மழைக்காலத்திலிருந்து என்றார் அவர். பக்கவாட்டில் வருவது மாமனாருக்குத் தெரிவதில்லையாம்.

"முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் டெஸ்ட் வச்சு லைசென்ஸ் குடுத்த மனுஷன். அவர்கிட்ட இதை எந்த வாயால சொல்றது?"

"பின்னாடி என் பொண்ணு உக்காந்திருந்தா, அத்தை."

மாமியாரின் கை பாதி மடிப்பில் நின்றது. கூடத்தில் மாமனார் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பது கேட்டது.

மறுநாள் காலை, கண் மருத்துவமனைக்கு எந்தப் பேருந்து போகும் என்று அவரே மருமகளிடம் கேட்டார். இருவரும் போனார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் அவர் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தார். போன பார்வை திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். ஓட்டலாமா என்று மட்டும் கேட்டார் மாமனார். கூடாது என்ற பதிலுக்குத் தலையாட்டினார்.

திரும்பும் வழியில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "வயசானவர் ஒருத்தர் லைசென்ஸ் டெஸ்டுக்கு மூணு தடவை வந்தாரும்மா. மூணு தடவையும் ஃபெயில் போட்டேன். சரியாத்தான் போட்டேன். ஆனா, அப்புறம் அவர் வீட்டுக்கு எப்படிப் போனார்னு ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்ல."

அவர் பயணச்சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காரை விற்றுவிடலாம் என்றான் மகன். யார் ஓட்டப்போகிறார்கள்? அவனுக்கு அலுவலக வண்டி இருக்கிறது, மனைவிக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே பயம்.

"விக்க வேணாம். நான் கத்துக்கறேன்," என்றார் அறுபத்தொரு வயது மாமியார்.

மகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "ஒரு வருஷமா நான்தானே ஓட்டினேன். கையும் காலும் மட்டும்தான் பாக்கி."

திங்கட்கிழமை ஓட்டுநர் பள்ளியின் கார் வாசலில் வந்து நின்றது. கற்றுத்தர வந்தவள் மருமகளைவிடச் சின்னவள். துணைக்கு மருமகள் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். மாமனாரும் பின்னால் ஏறப் போனார். நீங்கள் இருந்தால் எனக்குக் கையும் காலும் ஓடாது என்று மாமியார் இறக்கிவிட்டார். அவர் கேட்டருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கார் இரண்டு முறை குலுங்கி அணைந்தது. மூன்றாவது முறை நகர்ந்தது. நடந்து போன ஒருவர் அதை முந்திக்கொண்டு போனார்.

தெருக்கோடியில் கார் நின்றது. இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிந்தது. மருமகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. ஆனாலும், யாராவது 'இப்பப் போங்க' என்று சொல்லக் காத்திருப்பதுபோலக் கார் அங்கேயே நின்றது, மஞ்சள் விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தது.