சொந்தப் பார்வைகளைக் கழித்த பிறகு

...அப்படியென்றால் மிச்சம் முப்பத்தாறும் நானேதானா, பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது, மொட்டைமாடிக் கொடியில் மாமியாரின் சேலை மட்டும் இதைக் கேட்டுக்கொண்டு ஆடியது. போன வாரம் நாற்பத்துமூன்று பார்வைகள், இந்த வாரம் ஏழு. ‘கொடிக்கயிறு’ என்று பெயர் வைத்து வலைப்பூ தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆவுடையார்கோவிலில் துணி காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுவதை இத்தனை பேர் படிக்கிறார்களே என்று பூரித்துப் போயிருந்தாளே, அதற்குள் நாத்தனார் ஹரிணி புதுக்கோட்டைக் கல்லூரி விடுதியிலிருந்து குரல்செய்தி அனுப்பிக் கெடுத்துவிட்டாள். “அண்ணி, நீங்க தெறந்து தெறந்து பாக்குறதையும் அது எண்ணிக்கிட்டே இருக்கும். செட்டிங்ஸ்ல என் பார்வைய எண்ணாதேன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடுங்க.” போட்டாள், ஏழாகிவிட்டது. சரி, அந்த ஏழு யார்? எந்த நாடு என்றுகூடக் காட்டுமாமே, இங்கே தொட்டால்... உலகப்படம் விரிந்தது, ஒரே ஒரு பொட்டு மட்டும் பச்சையாக இருந்தது, கத்தார்.

கத்தாரில் இல்லாத நம்மூர்க்காரர்களா, மீமிசல் ஆட்களே பாதிப் பேர் இருப்பார்கள், யாரோ ஒருத்தர் வழி தவறி வந்திருக்கலாம். ஆனால் தினமும் ஒரே ஒரு பார்வை, தினமும் மத்தியானம் இரண்டு மணிக்கு, அங்கே அப்போது பதினொன்றரை, அங்கே வேலை பார்க்கும் கணவர், இவருடைய சாப்பாட்டு இடைவேளை. வெள்ளிக்கிழமை மட்டும் காலை பத்து மணி, வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. இவரா? இவரிடம் சொல்லவே இல்லையே. “சத்தியமா நான் சொல்லல அண்ணி,” என்கிறாள் ஹரிணி, சத்தியம் என்று ஆரம்பித்தாலே அவள் குரல் ஒரு மாதிரி மேலே ஏறும், இன்றும் ஏறியது. அப்படியே இவராக இருந்தால் ஏன் போனில் ஒரு வார்த்தை கேட்கவில்லை... கேட்பதற்கு எங்கே இடம், போன் வந்தால் கூடத்தில் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவது, அது இந்த வீட்டு வழக்கம், தனியாக எடுத்துக்கொண்டு போனால் என்ன ரகசியம் என்பார்கள். நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான். “கம்பெனில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றான், நாளைக்குள்ள சொல்லணும், நீ என்ன சொல்ற?” என்று இவர் கேட்கிறார், அவள் வாயைத் திறக்குமுன் மாமியார் கண்ணாத்தாள், “அவள எதுக்குடா கேக்குற, தானா வார சீதேவிய யாராச்சும் வேணாம்பாளா?” என்கிறாள். “ஒங்க இஷ்டங்க.” அதைத்தான் அவளால் சொல்ல முடிந்தது. வாட்ஸப்பில் தனியாக எழுதலாம்தான், எழுதியும் பார்த்தாள், ‘சாப்டீங்களா’வைத் தாண்டி விரல் நகர மறுத்தது, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. ஆனால் இங்கே, முகம் தெரியாதவர்களுக்கு என்று நினைத்து எழுதும்போது மூன்று பத்தி மளமளவென்று வந்துவிட்டது, காலையிலிருந்து வரைவில் கிடக்கிறது. கடைசி வரி, ‘போதும், வந்துவிடுங்கள்.’

வெளியிடு என்ற பொத்தானைப் பார்க்கப் பயமாக இருந்ததால் வேறு வேலை பார்த்தாள், ஹரிணி சொன்ன இன்னொரு பாடம், குறிச்சொல். எழுதியதை எல்லாம் வகைவாரியாகப் பிரித்துப் பெயர் கொடுக்க வேண்டுமாம், மளிகைச் சாமானை டப்பாவில் போடுவது மாதிரி. கணவாய்க் குழம்பு, அது சமையல். ஆனால் அந்தக் கணவாயை மீமிசலில் பேரம் பேசி ஏமாந்து வந்தது இவர். அறந்தாங்கி பஸ், அது பயணம், ஆனால் ஜன்னல் ஓரத்தை அவளுக்கு விட்டுவிட்டுப் படிக்கட்டுவரை தள்ளப்பட்டது இவர். மழையில் நனைந்த துணிமூட்டை, அதிலும் இவர் சட்டை. வேடிக்கையாக ‘இவர்’ என்று ஒரு டப்பா வைத்துப் பார்த்தாள், பதினொரு இடுகையில் ஒன்பது அதற்குள் விழுந்தன. ஊரைப் பற்றி எழுதுகிறேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? கோயிலைப் பற்றி எழுதியதில்கூடச் சாமியின் பெயரே இல்லை. “சாமி பேரு இல்லாமக் கோயிலப் பத்தி எழுதுனா கூகுள்ல யாருண்ணி கண்டுபிடிப்பா?” என்று ஹரிணி கேட்டபோது, “அது ஒங்க அண்ணன் பேருடி, எப்புடி எழுத?” என்றாள், அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. கட்டிக்கொண்ட நாளிலிருந்து வாயால் சொன்னதில்லை, ரேஷன் கடையில் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். வரைவின் குறிச்சொல் கட்டம் காலியாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஆ... விசைப்பலகை ஆடு என்றது, ஆச்சு என்றது, அதற்கென்ன தெரியும், அவள் ஒரு நாளும் சொல்லிக்கொடுத்ததில்லையே. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஆத்மநாதன். மணி ஒன்று ஐம்பத்தெட்டு. யோசித்தால் நடக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு வெளியிட்டுவிட்டாள்.

“ஏத்தா ஈஸ்வரி, சாப்புட வாரியா, இல்ல அந்தப் போனே சோறு போட்ருச்சா?” கீழேயிருந்து மாமியார். “வாரேன் அத்தே,” என்றாள், எழுந்திருக்கவில்லை. மணி இரண்டு மூன்று, ஒன்றுமில்லை. இரண்டு ஐந்து, கத்தார் ஒன்று. கொடியில் மாட்டியிருந்த கிளிப்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். இரண்டு ஒன்பது, கத்தார் இரண்டு. பிறகு நான்கு. நான்கா? அறைக்காரர்களிடம் காட்டிவிட்டாரோ, ஐயோ, இல்லை, ஒரே ஆள் நான்கு தடவை படித்தாரா, அதைத் தெரிந்துகொள்ள எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும்? போன் அடிக்கவில்லை. ஹரிணிக்குக் குரல்செய்தி அனுப்பக் கைபேசியை வாயருகே கொண்டுபோனாள். “இந்தாடி, ஒருத்தரு எந்த வரியில நின்னு திரும்பத் திரும்பப் படிச்சாருன்னு காட்டுற வசதி ஏதாச்சும் இருக்கா?” சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, வருகிறாரா என்று கேட்கத் தோன்றாமல் இதுவா முதலில் வந்தது... கிளிப்பைத் திறந்து திறந்து மூடியபடி, கீழே இறங்காமல், அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.