பம்பு நின்ற பிறகு

வீடியோ விளையாட்டைச் செய்தவர், அதை முதன்முதலாக ஆடிப் பார்ப்பவரின் பக்கத்தில் வாயைத் திறக்கக் கூடாது. மெல்பர்னில் இந்தத் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆடுகிறவர் சுவரில் முட்டட்டும், திட்டட்டும், தப்பான பொத்தானை அழுத்தித் தொலைக்கட்டும். செய்தவர் பின்னால் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலும் போச்சு. விளையாட்டு தன் கதையைத் தானே சொல்கிறதா என்று அப்புறம் எப்படித் தெரியும்?

பிரன்ஸ்விக்கில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அந்த அறையில், இமோஜன் தன் அப்பா மெர்வுக்குப் பின்னால் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் கூட்டாளி ஸ்டாவும் சேர்ந்து செய்த விளையாட்டு. மெர்வ் கிப்ஸ்லாந்துப் பண்ணையிலிருந்து ரயிலேறி, மடியில் முட்டைப் பெட்டியோடு வந்திருந்தார்.

"வாயத் தொறந்தேன்னு வை, இந்த மாசம் பூரா காபி உன் தலையிலதான்," என்று இமோஜன் காதில் சொல்லிவிட்டு ஸ்டாவ் வெளியே போனான். நல்ல பிள்ளை. அப்பாவும் மகளும் தனியாக இருக்கட்டும் என்றுதான் போனான்.

விளையாட்டு அவர்கள் வீட்டுக் கதை. காட்டுத்தீ வந்த வருஷம், மெர்வும் மகன் டார்சியும் பண்ணையைக் காப்பாற்ற அங்கேயே நின்றுவிட்டார்கள். அம்மா நோரீன் ஊர் மைதானத்தில், தப்பி வந்த மற்றவர்களோடு இருந்தாள். இமோஜன் மெல்பர்னில் படித்துக்கொண்டிருந்தாள். குட்டையிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பம்பு, பெட்ரோல் தீர்ந்து நின்றது. டார்சி பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கு ஓடினான். திரும்பவில்லை. வீடு தப்பியது.

"வேணாம்டான்னேன். கேக்காம ஓடிட்டான்," என்று மெர்வ் விசாரணையில் சொன்னார். அதற்குமேல் எவரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நோரீன் அதை அப்படியே நம்பினாள். நம்பி, செத்தவன்மேலேயே ஆத்திரப்பட்டாள். அவன் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். பிறந்தநாள் வந்தால், "சொன்ன பேச்சு கேக்காத பயலுக்கு என்ன கேக்கு வேண்டிக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவாள். பெற்றவளுக்கு அழுவதைவிட அது சுலபமாக இருந்ததோ என்னவோ, பாவம்.

ஆகவே இமோஜன் போட்ட விதி இது. ஆடுகிறவர்தான் அப்பா. கையில் குழாய் இருக்கும். தணல் விழுகிற இடத்தையெல்லாம் நனைக்கலாம், ஏணியில் ஏறலாம், கூரையில் கிடக்கும் சருகை வாரலாம். டார்சியைக் கூப்பிட ஒரு பொத்தான் உண்டு. எங்கே இருந்தாலும் ஓடி வருவான். பம்பு நின்றுவிட்டால் மட்டும் எத்தனை கூப்பிட்டாலும் வரமாட்டான். ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் அந்தப் பொத்தானை நசுக்கு நசுக்கென்று நசுக்கினார்கள். இமோஜனுக்கு அது போதும். இத்தனை நேரம் கேட்ட பொத்தான் திடீரென்று கேட்காமல் போனால், அதற்குமேல் வசனம் எதற்கு?

மெர்வ் ஒன்றும் மோசமாக ஆடவில்லை. "ஏணிய அந்தப் பக்கம் வெச்சிருக்க," என்று முனகினார். "நம்ம தொட்டி பச்ச கலரு." அப்புறம் பேச்சு நின்றது. பம்பின் சத்தம் இழுத்து இழுத்து அடங்கியது. திரையில் டார்சி கேனை எடுத்துக்கொண்டு சரிவில் ஓடினான்.

மெர்வ் கூப்பிடும் பொத்தானைத் தொடவே இல்லை.

"தப்பு," என்றார். திரும்ப முதலிலிருந்து ஆடினார். திரும்பவும் டார்சி ஓடினான். "தப்பா இருக்கு இம்மி." இன்னொரு தடவை. தடித்த விரல்கள் பொத்தான்களின்மேல் எதையோ தேடித் தேடி அலைந்தன.

இமோஜன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வழக்கம் வழக்கம்தானே.

"ஏன் இவன் தானா ஓடுறான்?" அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தானா ஓட மாட்டான். நின்னு என் மூஞ்சியப் பாப்பான். போகவாப்பான்னு கேப்பான்."

கீழே பேக்கரிக்காரர் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பட்டன் எங்க?" என்றார் மெர்வ்.

"எந்தப் பட்டன்?" வழக்கத்தை இமோஜன் உடைத்தேவிட்டாள்.

"போடான்னு சொல்ற பட்டன்."

அடப்பாவி மனுஷா, இத்தனை வருஷமா! எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். கத்த வேண்டும்போல இருந்தது. வாயில் வந்தது வேறு.

"போடான்னு சொல்லாட்டி என்ன ஆயிருக்கும்?"

"தெரியாது. வீடு போயிருக்கும். நாங்க ரெண்டு பேரும் போயிருப்போமோ என்னமோ. யாருக்குத் தெரியும்?"

"அம்மா இத ஆடப்போறா. அவ ஆடி முடிக்காம வெளியிட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"தெரியும். அதுக்குத்தான் பட்டனக் கேக்குறேன். எனக்கு வாயால வரலம்மா."

அவர் போன பிறகு இமோஜன் அந்த விதியை மாற்றினாள். சின்ன வேலைதான், காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. முடியாத வேலை வேறொன்று இருந்தது. அனுப்பாவிட்டால் என்ன நடக்கும்? அப்பாவுக்கே தெரியாததை அவள் எப்படி எழுதுவாள்? அதனால் பொத்தானை அழுத்தும்வரை எதுவும் நடக்காது என்று வைத்தாள். பம்பு நிற்கும். தீ நிற்கும். கேனோடு டார்சியும் நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணையில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் விளையாட்டை டிவியில் மாட்டிக் கொடுத்தாள். தீயிலிருந்து தப்பித்த அதே வீடு, அதே முன்னறை.

"எனக்கு இதெல்லாம் வராதுடி. வீட்டக் கொளுத்திட்டா என்னத் திட்டக் கூடாது," என்று நோரீன் சிரித்துக்கொண்டே கன்ட்ரோலரை வாங்கினாள். மெர்வ் பாத்திரம் துடைக்கும் துணியோடு சமையலறை வாசலில் நின்றார்.

பம்பு நின்றது. டார்சி கேனை எடுத்தான். ஓடவில்லை. திரும்பி நின்று அவளைப் பார்த்தான். 'போகவாப்பா?' என்று எழுத்து வந்தது. அதன் கீழே ஒரே ஒரு பொத்தான்: 'போடா'.

"என்னடி இது, நிக்கிறான்?" என்றாள் நோரீன். கூப்பிடும் பொத்தானை அழுத்தினாள். மற்றதையெல்லாம் அழுத்தினாள். அந்த ஒன்றை மட்டும் அழுத்தவில்லை. டார்சியின் சட்டை மட்டும் காற்றில் படபடத்தது. "அவன்தான் கேக்காம ஓடிட்டானே. நீ எதுக்கு இப்படி..."

நோரீன் மகளைப் பார்த்தாள். அப்புறம் மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள். மெர்வ் துணியை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

நோரீன் மறுபடி திரையைப் பார்த்தாள்.

"சொன்ன பேச்சக் கேட்டிருக்கான்," என்றாள் நோரீன். "என் புள்ள சொன்ன பேச்சக் கேட்டுத்தான் போயிருக்கான், மெர்வ். அவனப் போயி நான் திட்டிக்கிட்டே இருந்தேன்."

"ஆமா," என்றார் மெர்வ்.

பால் கறக்கும் நேரமாகி மாடுகள் கேட் அருகே கத்த ஆரம்பித்தன. டிவியை அணைக்கலாம் என்று இமோஜன் எழுந்தாள்.

"தொடாத," என்றாள் நோரீன். கன்ட்ரோலரைக் கைக்கெட்டாத தூரத்தில் தரையில் தள்ளிவிட்டாள். "நான் அனுப்ப மாட்டேன். அவன் அங்கயே நிக்கட்டும்."