கண்ணாடியில் குறைந்த ஆயில்

அருள்மேரிக்கு ஒருத்தர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. இந்தத் தை மாசம் அந்தச் சந்தேகச் சனியன், டிரைவர் பஞ்சநதத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

அறுவடை மெஷினை எப்போதும் அவள் புருஷன் ஜோசப்ராஜ்தான் பார்த்துக்கொள்வார். அவருக்குக் காலில் ஆபரேஷன் ஆனதால், இந்த வருஷம் நீடாமங்கலத்துப் பக்கம் வயல் வயலாக வண்டியோடு அலைகிறவள் இவள். ஹைட்ராலிக் ஆயில் வாங்கப் போனபோது கடைக்காரர், "அறுபத்தெட்டாம் நம்பரையே ஊத்துங்க, வேற எதையும் கலந்துடாதீங்க" என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். "டிரைவர் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்மா, ஆயில உருவி வித்துடுவானுங்க" என்றும் ஓதிவிட்டார். போதாதா?

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் டேங்கில் அளவு காட்டும் கண்ணாடியைப் போய்ப் பார்த்தாள். காலையில் ஆயில் மேல்கோடு வரைக்கும் நிற்கிறது. வேலை முடிந்து வண்டியை நிறுத்தினால் கீழ்க்கோட்டுக்கும் கீழே. விடிந்தால் மறுபடி நிறைய! பகலில் நல்ல ஆயிலை உருவிவிட்டு, விடியற்காலையில் கருகின பழசைக் கொண்டுவந்து ஊற்றுகிறான் என்று முடிவு கட்டினாள். பம்பு போனால் வண்டி படுத்துவிடும், அப்புறம் சீசனே போச்சு. மூணு வருஷமாக வீட்டுப் பிள்ளை மாதிரி சாப்பிட்டவன். அடப்பாவி, உனக்கா இந்தப் புத்தி?

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் போனதும், தன் கையாலேயே மேல்கோடு வரை ஊற்றி நிரப்பினாள். இனி என்ன செய்கிறான் பார்ப்போம் என்று, மறுநாள் அவனுக்கு முன்னாலேயே வயலில் போய் நின்றாள்.

அவன் வந்தான். வயல்காரர் கோவிந்தராசும் நாலைந்து ஆட்களும் வரப்பில் நின்றிருந்தார்கள்.

"பையத் தொற பஞ்சநதம்."

"எதுக்குக்கா?"

"தொறன்னா தொற."

திறந்தான். சோத்து டப்பா, ஒரு கைலி, மகளுக்கு வாங்கிய கலர் பென்சில்.

"ஆயில எங்க கொண்டுபோய் விக்கிற?"

அவன் முகம் செத்துப்போனது. வண்டியில் ஏறி இஞ்சினைப் போட்டான். சேற்றில் படாமலிருக்க முந்தின சாயங்காலம் தூக்கி நிறுத்தியிருந்த, கதிர் அறுக்கும் முன்கட்டரைத் தரைக்கு இறக்கினான். டேங்க் மூடி வழியாக ஆயில் குபுகுபுவென்று பொங்கி அவள் காலடி வரை வழிந்தது.

"கட்டரத் தூக்கி வெச்சா ஆயில் சிலிண்டருக்குள்ள போய் நிக்கும்க்கா. எறக்குனா டேங்குக்கே வந்துடும். எறக்கி வெச்சுத்தான் அளவு பாக்கணும். தினம் காலையில நான் எறக்கிக் கத்தியத் தொடச்சப்புறந்தான் நீங்க வருவீங்க."

கோவிந்தராசு சிரித்தேவிட்டார். அருள்மேரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"தப்புப் பண்ணிட்டேன் பஞ்சநதம். மனசுல வெச்சுக்காத."

"பரவால்லக்கா" என்றான். அதிகப்படி ஆயிலை வடித்துவிட்டு அறுப்பைத் தொடங்கினான்.

சாயங்காலம் வேலை முடிந்து இறங்கியவன், நேரே அவளிடம் வந்து பையைத் திறந்து நீட்டினான்.

"ஐயோ, வேணாம். நீ போ."

"பாத்துடுங்கக்கா."

பார்த்தாள். மறுநாளும் திறந்து காட்டினான். சீசன் முடியும்வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.