இலைக்கோழிச் சேவலின் குரல்

லோக்டாக் ஏரியில் வீட்டுத் தரை என்பது மிதக்கிற புல்தான். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் புதுப் புல் வெட்டிப் போட்டு மிதிக்க வேண்டும். போன வருஷம் மணிஹார், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று படுத்துவிட்டான். அடுப்புக்குப் பக்கத்தில் தரை இற்றுப்போய், நாலு வயது மகள் லிந்தோய் அடியிலிருந்த தண்ணீருக்குள் போனவள்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் கட்டுக்கட்டாகப் புல் வெட்டி வைத்திருந்தான். மனைவி இபெச்சா அந்தப் பொத்தலை மட்டும் மூட விடவில்லை.

"அவ வர்ற வழிய அடைக்கப் பாக்குறியா?"

"சுத்தியும் இத்துப்போகுது. நீயும் உள்ள போயிடுவே."

"போனாப் போறேன். உனக்கென்ன, தூங்கு."

பொத்தலருகே உட்கார்ந்தபடியே, வெளியே ஏரி இலைகள்மேல் நடமாடும் இலைக்கோழிப் பறவையின் கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெட்டை, மகராசி, முட்டை போட்டதோடு சரி, வேறு சேவலைத் தேடிப் போய்விட்டது. அடைகாத்ததும் வளர்ப்பதும் சேவல்தான். சின்னச் சத்தம் கேட்டால் போதும், குஞ்சுகளைச் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு ஓடும். குஞ்சுகளின் நீளக் கால்கள் மட்டும் வெளியே தொங்கும்.

"பாத்துக்கோ. அப்பன்னா அப்படி" என்பாள். அவன் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துபோவான்.

ஒரு சாயங்காலம் பருந்து தாழப் பறந்தது. குஞ்சுகள் நீரில் முங்கின. பருந்து போனதும் சேவல் கூப்பிட, ஒவ்வொன்றாக வந்து சிறகுக்குள் புகுந்தன. ஒன்று மட்டும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டுத் தரைக்கடியில் கீச்சென்று ஒரு குரல். மணிஹார் சட்டென்று திரும்பினான். பொத்தலில் ஈரத்தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"வந்துட்டா!" இபெச்சா அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். "எங்கடி போனே இத்தனை நாளா? விடமாட்டேன்."

"இந்தா, அது குஞ்சு..."

வெளியே சேவல் கத்திக்கொண்டேயிருந்தது. இருட்டத் தொடங்கியும் நிறுத்தவில்லை. கேட்கக் கேட்க அவள் கை தளர்ந்தது.

"அவன் எப்படிக் கூப்பிடறான் பாரு. நீ ஒரு தடவையாவது அவளைக் கூப்பிட்டியா?"

நிஜம்தான். மனைவியை லிந்தோயம்மா என்றே கூப்பிட்டவன், மகள் போன அன்றிலிருந்து 'இந்தா' என்கிறான். அந்தப் பெயரைச் சொல்ல அவ்வளவு பயம் அவனுக்கு.

இபெச்சா வெளியே போய்க் குஞ்சை விட்டாள். அது ஓடிச் சிறகுக்குள் நுழைந்ததும் கத்தல் நின்றது.

மணிஹார் பொத்தலருகே குப்புறப் படுத்தான். "லிந்தோய்" என்றான். அடியில் தண்ணீர் களக்கென்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதுவும் வரவில்லை.

இபெச்சா ஒரு கட்டுப் புல்லை இழுத்துவந்து அவன் பக்கத்தில் போட்டாள்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றாள். "அப்புறம் மூடிடலாம்."