தடுமாற்றம்: என் தம்பியும் ஓர் ஆடும்

தடுமாற்றம் என்ற சொல்லை எங்கள் வளவனூரில் எதற்கெல்லாமோ சொல்வார்கள். மழைச் சேற்றில் வண்டி தடுமாறும். டாஸ்மாக்கிலிருந்து வருகிறவனுக்குக் கால் தடுமாறும். மேடையில் மைக்கைக் கொடுத்தால் பேச்சு தடுமாறும். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்கு வரலாம். என் தம்பி திருமுருகன் குடிக்க மாட்டான், அது ஒன்றுதான் பாக்கி. ஓட்டலில் பூரியா தோசையா என்று அவன் முடிவு செய்வதற்குள் இரண்டும் தீர்ந்துவிடும். இருக்கிற இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வருவான்.

அவனுக்குத் திண்டிவனத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை. அதே கடையில் பில் போடுகிற கலையரசிக்கு இவன் மேல் விருப்பம். இவனுக்கும்தான். ஆனால் அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் எனக்கே போன் செய்துவிட்டாள்.

“சித்ராக்கா, திங்கக்கிழம எங்க வீட்ல ஒரு மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லப் போறாங்க. அதுக்குள்ள உங்க தம்பி உங்க அப்பாகிட்ட வாயத் தொறக்கணும். இல்லன்னா நான் அந்த மாப்பிள்ளையவே கட்டிக்கினு போயிடுவேன்.”

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் பனமலைப் பக்கம் எங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. கூட வேலை செய்கிற பெண் என்று சொல்லி அவளையும் வரச் சொன்னேன்.

கோயிலுக்குப் போகும் வழியிலேயே தம்பியைப் பிடித்தேன். “பேசக்கூட வேணாண்டா. நான் பேச்ச எடுக்கறேன், நீ தலைய மட்டும் ஆட்டு.”

“தலைய ஆட்டுற ஆடு என்னாவுதுன்னு சின்ன வயசுலேந்து பாத்துக்கினுதானக்கா இருக்கேன்.”

எங்கள் கோயிலில் ஆட்டின் சம்மதம் இல்லாமல் வெட்ட மாட்டார்கள். தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்காத ஆட்டின் மேல் கத்தி படக் கூடாது.

அன்றைக்குக் கொண்டுபோன ஆடு சிலிர்க்கவில்லை. பூமாலை என்கிற பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். ஆடு அவர் கையிலிருந்த வேப்பிலையைத் தின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். அவர் வேட்டியை முகர்ந்தது.

“ஆடு தடுமாறுதுப்பா,” என்றார் பூசாரி. “குடும்பத்துல யாரோ மனசுல ஒண்ண வச்சிக்கினு சொல்லாம இருக்கீங்க.”

அவ்வளவுதான். விரதத்தில் முட்டை பிரியாணி சாப்பிட்டதைச் சித்தப்பா ஒப்புக்கொண்டார். ஊற்றினார்கள். ஆடு நின்றது. பெரியம்மா தன் மருமகளைத் திட்டியதை ஒப்புக்கொண்டாள், அதே மூச்சில் மறுபடியும் திட்டினாள். ஊற்றினார்கள். ஆடு நின்றது. எங்கள் அப்பா விருத்தாசலம் கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார். தம்பி தூணுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

“இன்னாடா?”

“அது வந்துப்பா… ஒண்ணுமில்ல… இல்ல, இருக்குது… ஆனா…”

கலையரசி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அட பாவி! இப்படி ஒருத்தி இனிமேல் உனக்குக் கிடைப்பாளா? பூசாரி கையிலிருந்த சொம்பைப் பிடுங்கித் தம்பி தலையில் அப்படியே கவிழ்த்தேன்.

தை மாதக் குளிர். தலையிலிருந்து கால் வரை உதறினான்.

“சிலிர்த்துட்டான், சாமி சிலிர்த்துட்டான்!” பெரியம்மா குலவையே போட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

கலையரசி சிரிக்கவில்லை. “அது தண்ணிக்கு ஒதறுனது,” என்றாள். “வாயால சொல்லட்டும்.”

கூட்டம் அவளைப் பார்த்தது, பிறகு அவனைப் பார்த்தது. பல் தந்தியடிக்க நின்றான். ஆனால் பேச்சு நேராக வந்தது.

“அப்பா, இது கலையரசி. இவளத்தான் கட்டிக்குவேன். திட்டுறதுன்னா திட்டு.”

அப்பா திட்டினார். நன்றாகவே திட்டினார். திட்டி முடித்துவிட்டு, “உங்க அப்பா நம்பர குடும்மா,” என்றார். கலையரசி பையைத் தோளிலிருந்து இறக்கினாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, சொன்னால் என்ன.

அதற்குப் பிறகும் தண்ணீர் தீரும் வரை ஊற்றிப் பார்த்தார்கள். ஆடு கடைசி வரை சிலிர்க்கவில்லை. சாமி வேண்டாமென்றதை இனி யாரும் தொடக் கூடாது என்று சொல்லிப் பூசாரி அவிழ்த்துவிட்டார். மத்தியானம் பொங்கலும் கத்திரிக்காய் சாம்பாரும் சாப்பிட்டோம். சித்தப்பாவுக்குத்தான் வருத்தம்.

இப்போது அது எங்கள் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. கலையரசி கடைக்குக் கிளம்புமுன் தழை போட்டுவிட்டுப் போகிறாள். எங்கள் வீட்டில் தடுமாறிப் பிழைத்தது அது ஒன்றுதான்.