சாய்ந்த வீச்சு

சக கோல்ஃப் ஆட்டக்காரிகள் அவளுக்கு வைத்த பெயர் ஈஸிச்சேர். பந்தை அடிக்கும்போது உடம்பு பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் அப்படி ஒரு வீச்சு கிடையாது. ஆனால் பந்து மட்டும் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. கோல்ஃப் மைதானத்து விருந்தினர் விடுதியில் துணி வெளுத்தவளின் மகள், இருபத்து நான்கு வயதுக்குள் மூன்று பெரிய கோப்பைகளைத் தூக்கிவிட்டாள். கேலி பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பயிற்சி கொடுத்துவந்த கோச் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். "இந்தச் சாய்வை மட்டும் நிமிர்த்திட்டா உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்றார். கோச் சொன்னால் புருஷனிடம் முறையிடலாம், புருஷன் சொன்னால் கோச்சிடம் முறையிடலாம். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் யாரிடம் போவது?

நிமிர்த்தினார். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பை நட்டு, அதில் இடிக்காமல் அடிக்கச் சொன்னார். இரண்டு வருஷம் போனது. வீச்சு நேரானது, பந்துதான் புதருக்கும் குளத்துக்கும் போயிற்று. பழையபடியே அடித்துத் தொலைக்கலாம் என்று பார்த்தால், உடம்புக்கு அது மறந்துபோயிருந்தது. கடைசியில் முதுகுத்தண்டில் தட்டு விலகி, முப்பத்தொரு வயதில் ஓய்வு பெற்றாள். பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரி வந்தது.

கோச் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார். முதலில் வேறு மாணவிகள், அப்புறம் வேறு ஊர், அப்புறம் வேறு வீடு. சண்டை என்று ஒன்று நடக்கவே இல்லை. சண்டை போடும் அளவுக்குக்கூடத் தன்னை ஒரு ஆளாக அவர் நினைக்கவில்லை என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு ஒரு ஷாப்பிங் மாலின் மொட்டைமாடியில் வேலை. சுற்றிலும் வலை கட்டி, செயற்கைப் புல் விரித்திருந்தார்கள். ஆபீஸ் முடிந்து வருகிறவர்களுக்கு மட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். பாதிப் பேர் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒருநாள் கவுன்ட்டரில் பந்துக்கூடை கொடுப்பவர் செல்போனை நீட்டினார்.

"மேடம், உங்க பழைய வீடியோ ஒண்ணு பாத்தேன்னு சொன்னேனே. இந்தப் பொண்ணு அச்சு அசல் அப்படியே அடிக்குது."

பத்தொன்பது வயது இருக்கும். அதே சாய்வு, தோள் அதே மாதிரி திரும்பியது. பக்கத்தில் கோச், தலை முழுக்க நரைத்து. "இந்தச் சாய்வு வீச்சு என் வாழ்நாள் ஆராய்ச்சி" என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் அடுத்து ஆடிய போட்டி இவள் ஊரிலேயே நடந்தது. முந்தின நாள் பயிற்சி நடக்கும் இடத்துக்குப் போனாள். கோச் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மரியாதைக்குக் குறைச்சலில்லை.

"முதுகு எப்படி இருக்கு?"

"இருக்கு. அது யாரோட வீச்சு?"

அவர் மழுப்பவில்லை. "உன்னோடதுதான். நாம பிரிஞ்சப்புறம் உன் வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாத்தேன். அப்பதான் புரிஞ்சுது."

"அதை வெளியில சொல்றதுக்கென்ன?"

"சொல்லலாம். அப்ப அதைக் கெடுத்தது யாருன்னும் சேத்துச் சொல்லணும்ல?" என்று சிரித்தார்.

பெண் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவள் குனிந்து அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள். பாதம் நேராக இருந்தது. சின்ன வயதில் துணி காயவைக்கும் சரிவில்தான் இவள் பந்தடித்துப் பழகினாள். வழுக்காமல் இருக்க முன்னால் வைத்த பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி ஊன்றிக்கொள்வாள். இடுப்பு தடையில்லாமல் சுழலும். கோச் போட்டுப் பார்த்த அந்தப் பழைய வீடியோக்களில் இடுப்புக்கு மேலேதான் தெரியும்; நேரில் பார்த்த காலத்திலோ அவர் கண் சாய்வை விட்டுக் கீழே இறங்கியதே இல்லை.

"பாதத்தை வெளிப்பக்கம் கொஞ்சம் திருப்பி வையும்மா. இல்லேன்னா முறுக்கல் எல்லாம் முதுகுலதான் போய் உக்காரும். இப்பவே வலிக்குமே?"

பெண் கோச்சைப் பார்த்தாள். வலி இருக்கிறது என்று அந்தப் பார்வையே சொல்லிவிட்டது.

"அவங்க காலம் வேறம்மா," என்றார் கோச். "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை மாத்தக்கூடாது."

"என்னுது மட்டும் நல்லா ஓடலியா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெண், "சரி சார்" என்றாள். அப்புறம் இவளிடம், "தேங்க்ஸ் மேடம்." அந்த 'சரி சார்' இவள் வாயிலிருந்தும் எத்தனையோ தடவை வந்ததுதான். மட்டையைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

பெண் அந்தப் போட்டியில் ஜெயித்தாள். மறுவருஷம் அவளுக்கு முதுகில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. கேட்டதும் இவளுக்கு முதலில் வந்தது 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்ற சந்தோஷம். ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பெண் மல்லாந்து படுத்திருந்தாள்.

"சார் வந்தாரா?"

"போன் பண்ணாரு. அவர் சொன்னதை நான் ஒழுங்கா செய்யலையாம்."

இவள் நாற்காலியைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், நான் மறுபடி ஆடுவேனா?"

தன்னிடம் டாக்டரும் அம்மாவும் கோச்சும், ஆடுவாய் ஆடுவாய் என்று சொல்லி எட்டு மாதத்தை வீணடித்தது நினைவுக்கு வந்தது.

"நடப்பே. மாடி ஏறுவே. ஆடுறது கஷ்டம்மா."

பெண் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள்.

"நீங்க போங்க மேடம்."

வாங்கி வந்த பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். லிஃப்ட் வரும்வரை, அறைக்குள் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்து நின்றாள். கேட்கவில்லை.