தாமதமாகப் போகும் சேதி

நனைத்த பஞ்சைத் தம்பி அக்காவின் உதட்டருகே கொண்டுபோகும்போது அவள் மூச்சு மறுபடியும் நின்றது. அவர் கையும் அந்தரத்தில் நின்றது. காலையில் முதல்முறை இப்படி ஆனபோது மணியை அழுத்தி, வராந்தாவுக்கு ஓடிக் கத்தி, நர்ஸ் வந்து சேர்வதற்குள் மூச்சு தானாகத் திரும்பியிருந்தது.

"இனிமே இப்படித்தான் சார் இருக்கும். அவங்களுக்கு வலி தெரியாது" என்று அவள் சொல்லியிருந்தாள்.

இப்போதும் திரும்பியது. சின்னதாக ஒன்று, கொஞ்சம் பெரிதாக அடுத்தது, பிறகு மாடிப்படி ஏறி வந்தவள் போல மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மெல்லத் தணிந்து, மெலிந்து, நின்றது.

எண்ணக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அக்கா கேட்டது அது ஒன்றுதான்.

அவர் பஸ் ஓட்டுகிறவர். அக்கா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியை. ஏரி மீன்கள் ஏன் சில வருஷம் பெருகிச் சில வருஷம் காணாமல் போகின்றன என்பதற்கு ஒரு சமன்பாடு எழுதி, அதோடேயே குடித்தனம் நடத்தியவள். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "ஏற்கனவே ஒரு ஏரியைக் கட்டி மேய்க்கிறேன்" என்பாள்.

"ஏன்க்கா, மீனெல்லாம் உன் கணக்கைப் படிச்சுட்டுத்தான் முட்டை போடுதா?" என்று அவர் சீண்டுவார். "நீ உன் தலையில இருக்கிறதை ஏரியில தேடுறே."

"தலை மட்டும் எங்கேருந்துடா வந்துச்சு, டிரைவரே? இதுவும் அதே தண்ணி, அதே உப்புதானே. அங்க ஓடுறது இங்கயும் ஓடுது. நானா ஒண்ணும் கண்டுபிடிக்கல. உள்ள இருக்கிறது வெளிய இருக்கிறதை அடையாளம் கண்டுக்கிச்சு, அவ்வளவுதான்."

போன வாரம் எதிர்க்கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு மதியம் அக்கா இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"அவர் மூச்சைக் கேளுடா. என் மீன்டா அது!"

"என்னக்கா உளர்றே?"

"இரை தீர்ந்துபோச்சுன்னு மீனுக்கு லேட்டாத்தான் தெரியும். அதுக்குள்ள எக்கச்சக்கமாப் பெருகிடும், அப்புறம் மொத்தமா அழியும். இங்கயும் காத்து போதுமா இல்லையாங்கிற சேதி மூளைக்கு லேட்டாப் போகுது. வேணும்னு தெரிஞ்சா அளவுக்கு மீறி இழுக்குது, போதும்னு தெரிஞ்சா அடியோட நிறுத்துது. வரைஞ்சு பார்த்தா அதே கோடு. இப்ப பாரு, வரும்."

வந்தது. அக்கா குழந்தை மாதிரி சிரித்தாள்.

சாயங்காலம் பெரியவர் போய்விட்டார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அவர் பெண்டாட்டி பக்கத்துலயே நின்னாங்கடா. நான் சிரிச்சுட்டு இருந்தேன்."

"அவங்க கவனிக்கலக்கா."

"கவனிச்சாங்க." இவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு அப்படி வரும்போது நீ எண்ணாதே. சும்மா பக்கத்துல இரு."

இருந்தார். இப்போது எண்ணாமலிருக்க வாய்க்கு வந்ததெல்லாம் பேசினார். மேம்பாலம் திறந்தாகிவிட்டது, புது கண்டக்டர் தூங்குமூஞ்சி, வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஆனால் பேச்சு வாயில் ஓட, உடம்பு தன்பாட்டுக்கு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மூச்சு எப்போது என்று தோளுக்குத் தெரிந்தது, கழுத்துக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அக்கா சொல்லிப் புரியாதது இப்படியா புரிய வேண்டும் என்று ஆத்திரமாக வந்தது.

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டிக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்திருந்தது. மூச்சு ஏறியது. இறங்கியது. நின்றது.

அவர் குழாய்க் கதையைப் பாதியில் விட்டார்.

நர்ஸ் மருந்துத் தட்டோடு உள்ளே வந்தாள். அக்காவைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைத் தொட்டாள். கழுத்தில் விரல் வைத்தாள்.

"சார்..."

"இருங்கம்மா" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நடுவுல இப்படி நிக்கும். இப்ப வரும் பாருங்க."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்து வார்டிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போகாமல், காலியாக இருந்த எதிர்க்கட்டிலின் ஓரத்தில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.